மறுமொழி: ஆர்.ஓ. எந்திரம் வெளியே விடும் தண்ணீருக்கு என்ன பெயர்?

வணக்கம்.

நம் கலைச்சொல் குழுவில் இந்த இழையை ஆரம்பித்துவைத்தவன் நான்தான், அதனால் நாலு நாளாக வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே மடலாகப் பதில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்தவர்களுக்காக: சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து, வீட்டுக்கு வாட்டர் பில்டர் வாங்கும்போது எதைப் பார்ப்பது என்று ஒரு பக்கத் துண்டறிக்கை அடிக்கப் போகிறோம். எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. வடிகட்டி, சவ்வு, புற ஊதா விளக்கு என்று பாதிப் பக்கம் சரசரவென்று போய்விட்டது. தண்ணீரின் உப்பை எடுக்கும் ஆர்.ஓ. எந்திரத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் தொட்டிக்குள் ஓயாமல் ஒழுகிக்கொண்டிருக்குமே, அந்தத் தண்ணீருக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. மெக்கானிக் அதை 'ரிஜெக்ட் லைன்' என்கிறார். வீடுகளில் 'வேஸ்ட் தண்ணி'. தமிழில் என்ன எழுதுவது?

> பாடநூலில் 'எதிர் சவ்வூடு பரவல்' இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஆர்.ஓ. என்று எழுதுவது ஏன்?

ஐயா, அந்தச் சொல்லோடு எனக்குச் சண்டையே இல்லை. உப்பு குறைந்த பக்கத்திலிருந்து உப்பு கூடிய பக்கத்துக்குச் சவ்வைத் தாண்டித் தண்ணீர் தானாகப் போவது சவ்வூடு பரவல், பம்பு வைத்து அழுத்தி அதை எதிர்த்திசையில் போகவைப்பது எதிர் சவ்வூடு பரவல். இலங்கையில் பிரசாரணம் என்று படித்தவர்களுக்கும் சொன்னால் விளங்கும். துண்டறிக்கையில் ஒரு தடவை அதை எழுதிவிட்டு அப்புறம் ஆர்.ஓ. என்றே போகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்துக் கடையில் போய் 'எதிர் சவ்வூடு பரவல் எந்திரம் என்ன விலை' என்று கேட்டால் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். ஏற்கெனவே பெயர் உள்ள பொருளுக்கு இன்னொரு பெயர் வைக்க எனக்கு அவசரம் இல்லை. பெயரில்லாமல் பக்கெட்டில் விழுந்துகொண்டிருப்பதற்குத்தான் பெயர் வேண்டும்.

> கழிவுநீர் என்றே போடுங்களேன். எல்லாருக்கும் புரியும்.

எல்லாருக்கும் புரியும் என்பதுதான் ஆபத்து. கழிவுநீர் என்றால் இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான். குடிநீர் வாரியத்தின் முழுப் பெயரிலேயே இரண்டும் உண்டு, வழங்குவது குடிநீர், அகற்றுவது கழிவுநீர். தெருவில் மூடியைத் திறந்து உறிஞ்சுகிற லாரியின் முதுகில் அந்தச் சொல் எழுதியிருக்கும். அதைப் படித்ததும் மூக்கைப் பிடிக்காத ஆள் வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் வரை கிடையாது. அதே சொல்லைக் கொண்டுபோய்ச் சமையல்கட்டில் வைத்துவிட்டு 'இந்தக் கழிவுநீரில் பாத்திரம் கழுவுங்கள்' என்று எழுதினால் எந்த வீட்டில் கழுவுவார்கள்?

சரி, அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அளந்தேன். குடிக்கும் பக்கத்தில் ஒரு லிட்டர் சொம்பு, ஒழுகும் குழாயை ரப்பர் பேண்டால் கட்டிக் கீழே பக்கெட். சொம்பு நிரம்பியபோது பக்கெட்டில் மூன்று லிட்டர். கரைந்த உப்பை அளக்கும் பேனா மீட்டரைக் குழாய்த் தண்ணீரில் விட்டால் லிட்டருக்கு 400 மில்லிகிராம், சொம்பில் 40. இனி வெறும் கூட்டல் கழித்தல்தான். உள்ளே போனது நாலு லிட்டர், அதில் 1600 மில்லிகிராம் உப்பு. சொம்போடு போனது 40. மிச்சம் 1560 மூன்று லிட்டரில் கரைந்திருக்கிறது, லிட்டருக்கு 520. மீட்டரை விட்டுப் பார்த்தேன், 510க்கும் 530க்கும் நடுவில் எண் ஆடிக்கொண்டிருந்தது.

குடிநீருக்கான இந்தியத் தரவரையறை, ஐ.எஸ். 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது, வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 2000 வரை. ஆக நாம் 'கழிவு' என்று சொல்லிச் சாக்கடையில் விடுவது, உப்புக் கணக்கில் மட்டும் பார்த்தால், அந்த வரம்பைவிட 20 கூடுதல். குடிக்கச் சொல்லவில்லை, சவ்வு தடுத்த மற்றதெல்லாமும் அதில்தான் இருக்கும். ஆனால் வாசல் கழுவ, துணி அலச, கழிவறைக்கு ஊற்ற அதற்கு என்ன குறை?

போர்வெல் தண்ணீர் வீடுகளில் கதை வேறு. 1500 உள்ளே போய்ச் சொம்பில் 150 வந்தால், அதே கணக்குப்படி பக்கெட்டில் 1950. எங்கள் கீழ்வீட்டு அக்கா அதைத் துளசிக்கு ஊற்றி ஊற்றி இலை ஓரமெல்லாம் கருகிப்போனது. அவர்களுக்குத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் மட்டும்தான் என்று துண்டறிக்கையில் தனியாக எழுதியாக வேண்டும்.

இன்னொன்று. எந்திரம் அழுக்கைத் துப்புவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடப்பது அதுவல்ல, சவ்வின் முகத்தில் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க, தண்ணீர் அதன்மேல் ஓடிக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த ஓட்டம்தான் குழாய் வழியே வெளியேறுகிறது. இதைப் படித்த மதுரை அம்மா உடனே 'அப்படியானால் கழுநீர்!' என்று எழுதியிருந்தார்கள். அருமையான சொல்தான், ஆனால் அது அரிசிப் பானைக்குச் சொந்தமாகி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது, பிடுங்கப் பார்த்தால் அரிசிக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

கழிவு என்ற சொல்மேல் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. போன வருடம் ஒரு விற்பனைப் பிரதிநிதி வீட்டுக்கு வந்தார், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். இரண்டு கண்ணாடி டம்ளர், ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் ஆளுக்கொரு ஜோடிக் கம்பியை விட்டு பிளக்கை மாட்டினார். ஒரு நிமிடத்தில் எங்கள் தண்ணீர் துருப்பிடித்த தகரம் மாதிரி பழுப்பாகித் திரிதிரியாக மிதக்க ஆரம்பித்தது, அவருடையது பளிங்கு மாதிரி நின்றது. 'பாருங்க சார், இந்தக் கழிவெல்லாம்தான் குழந்தைங்க குடிக்குது' என்றார். என் மனைவி சமையல்கட்டிலிருந்து ஒரு சிட்டிகை கல்லுப்பு கொண்டுவந்து அவருடைய டம்ளரில் போட்டு, 'இப்ப வைங்க' என்றாள். அதுவும் பழுப்பானது. பழுப்பு தண்ணீரிலிருந்து வரவில்லை, மின்சாரம் பாய்ந்ததில் இரும்புக் கம்பி கரைந்து வந்தது. உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், இல்லாவிட்டால் பாயாது, அவ்வளவுதான் அந்த வித்தை. ஆனால் அக்கம்பக்கத்தில் நாலு வீட்டில் அதைப் பார்த்துவிட்டு வாங்கியிருக்கிறார்கள். குழாயில் ஒழுகுவதைக் கழிவு என்று நாமே சொல்லிக்கொண்டிருந்தால் அடுத்த தடவை அவருக்கு அந்தக் கம்பிகூட வேண்டாம், குழாயைக் காட்டினால் போதும்.

குழப்பம் வீட்டோடும் நிற்பதில்லை. கொடுங்கையூரில் 2019 முதல் கழிவுநீரையே, நிஜமான கழிவுநீரைத்தான் சொல்கிறேன், பல கட்டமாகச் சுத்தம் செய்து கடைசியில் ஆர்.ஓ.வும் செய்து மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள், நாளைக்கு 4.5 கோடி லிட்டர் திறன். அங்கே சவ்வு தள்ளுவதையும் கழிவுநீர் என்றால் 'கழிவுநீரை ஆர்.ஓ. செய்ததில் மிஞ்சிய கழிவுநீர்' என்று எழுத வேண்டிவரும். எந்தக் கழிவுநீர் எந்தக் கழிவுநீர் என்று பொறியாளரே தேட வேண்டியதுதான்.

> வேதியியல்படி அது செறிவூட்டப்பட்ட கரைசல். 'செறிநீர்' என்பதே துல்லியம்.

காட்டுப்பள்ளிக்குத் துல்லியம், ஒத்துக்கொள்கிறேன். அங்கே இருக்கும் மீஞ்சூர் கடல்நீர் ஆலை 2010இல் நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்கும் திறனோடு தொடங்கியது, அந்த மாதிரி ஆலையில் மிச்சம் கடலைவிடக் கரிப்பாகக் கடலுக்கே திரும்பும். அதைச் செறிநீர் என்று தாராளமாகச் சொல்லலாம். 400 என்பது 520 ஆனதற்கு அவ்வளவு பெரிய பெயர் வேண்டுமா? தவிர, செறிவு என்றால் வீட்டில் சத்து என்று புரிந்துகொள்வார்கள். செறிவூட்டப்பட்ட அரிசி ரேஷனில் வந்தபிறகு அந்தச் சொல் அந்தப் பக்கம் போய்விட்டது. செறிநீர் என்று எழுதினால் யாராவது குழந்தைக்குக் கொடுத்துவிடப் போகிறார்கள்.

'தள்ளுநீர்' எனக்குப் பிடித்திருந்தது, பையனிடம் சொன்னேன், 'தள்ளுபடியில வாங்கினதாப்பா?' என்று கேட்டான். 'ஒதுக்குநீர்' இன்னும் நல்ல சொல், ஒதுக்கிவைத்த காசு மாதிரி பிறகு உதவும் என்ற பொருளும் வருகிறது. ஆனால் ஒதுக்குவது என்ற சொல் இங்கே எல்லார் காதிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. ஊர்க் குப்பை, சாம்பல், புகை என்று நகரம் ஒதுக்கியதெல்லாம் வந்து சேரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன், மனிதர்களை ஒதுக்கியதும் அதே சொல்லால்தான். குழுவில் ஒரு தோழர் இதைத் தனிமடலில் சொன்னார், அவர் சொன்னது சரி என்று பட்டது, விட்டுவிட்டேன்.

இனி என் முன்மொழிவு: மறுநீர்.

மறுத்தல் என்ற வினையிலிருந்து பார்த்தால் சவ்வு மறுத்த நீர், மறுக்கிற நீர், மறுக்கும் நீர், குடிநீர் சுடுநீர் மாதிரியே வினைத்தொகை. மறுநாள், மறுமணம், பந்தியில் மறுசோறு என்ற வழியில் பார்த்தால் அடுத்த தடவைக்கு ஆகும் நீர். ரிஜெக்ட் என்பதும் அதில் இருக்கிறது, கொட்டாதே என்பதும் இருக்கிறது. சொல் சின்னது, ஸ்டிக்கரில் அடித்துப் பக்கெட்டில் ஒட்டலாம்.

கோவை ஐயா எழுப்பிய தடையும் நியாயமானதே: மறு என்றால் குறை, களங்கம் என்றும் பொருள், 'மாசு மறுவற்ற' என்கிறோம். நான் அதையும் வரவில்தான் வைக்கிறேன். கொஞ்சம் குறை உள்ள தண்ணீர்தானே, குடிக்க வேண்டாம் என்று அந்தச் சொல்லே சொல்லிக்கொள்ளட்டும்.

தெருவில் சொல்லிப் பார்த்தேன். கீழ்வீட்டு அக்காவிடம் 'மறுதண்ணி' என்றேன். 'இன்னா தம்பி, அம்மை எறங்குனா ஊத்துவாங்களே ரெண்டாந் தண்ணி, அதுவா?' என்றார். இல்லை அக்கா, பில்டர் குழாய்த் தண்ணி என்றதும், 'ஓ, மறுபடி புழங்குறதா? அரிசி களையிற ரெண்டாந் தண்ணிய கொழம்புக்கு எடுத்து வெக்கிற மாதிரி' என்று முடித்துவிட்டார். கலைச்சொல்லுக்கு விளக்கம் நான் சொல்லாமல் எதிராளி சொன்னது இந்தக் குழுவில் இத்தனை வருடத்தில் எனக்கு இதுதான் முதல் தடவை. இஸ்திரி வண்டி அண்ணன் மட்டும் கடைசிவரை 'வேஸ்ட் தண்ணி' என்றேதான் சொன்னார், அதையும் பதிவுசெய்கிறேன்.

துண்டறிக்கையின் முதல் பத்தியை இப்படி வைத்திருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்: 'முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அளந்து பாருங்கள், மீட்டர் எங்களிடம் இருக்கிறது, இரவல் தருகிறோம். 500க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் ஆர்.ஓ. தேவையில்லை, கிருமிக்குப் புற ஊதா விளக்கு உள்ளதோ நுண்துளைச் சவ்வு உள்ளதோ போதும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் விளக்கின் ஒளி உள்ளே போகாது, முதலில் வடிகட்ட வேண்டும். நுண்துளைச் சவ்வு பில்டருக்குக் கரண்ட் வேண்டாம், உப்பையும் அது எடுக்காது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. மீட்டருக்கு உப்புதான் தெரியும், கிருமி தெரியாது, எண் குறைவாக இருக்கிறது என்று அப்படியே குடித்துவிடாதீர்கள். உப்பு கூடுதலாக இருந்து ஆர்.ஓ.தான் வேண்டுமென்றால், மறுநீரைப் பிடிக்கப் பக்கெட் வைக்க இடம் பார்த்துவிட்டு எந்திரத்தை மாட்டுங்கள்.' 500க்குக் கீழே ஆர்.ஓ.வுக்குத் தடை வேண்டும் என்றும், மாட்டும் இடத்திலும் 60 விழுக்காட்டுக்கு மேல் நல்ல தண்ணீராக எடுக்க வேண்டும் என்றும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதமே சொன்னது. என் பக்கெட் கணக்கில் வருவது 25.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் மறுநீரைவிடச் சின்னதாக, தெருவில் சொன்னால் திருப்பிக் கேட்காத சொல் யாரிடமாவது இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

பி.கு.: இந்த மடலை அனுப்புவதற்கு முன்னால் மனைவியிடம் படித்துக் காட்டினேன். 'நம்ம தண்ணி 400தானே, அப்புறம் நமக்கு எதுக்கு ஆர்.ஓ.?' என்று கேட்கிறாள். சவ்வு மாற்றும் நாள் வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.