அமெரிக்க டாக்ஸில் அம்மா அப்பாவை டிபென்டென்டாகக் காட்டலாமா?

ஜனவரி பிறந்ததும் புதிதாக வந்தவர்கள் கேட்பது இதுதான்: "மாசாமாசம் ஊருக்குப் பணம் அனுப்புறேன், அம்மா அப்பாவை டாக்ஸில் காட்டலாமா?" டிபென்டென்ட், அதாவது உங்களை நம்பி வாழ்பவர் என்று காட்ட, அவர்கள் ஊரிலேயே இருந்தால் முடியாது, எவ்வளவு அனுப்பினாலும் சரி. அமெரிக்கக் குடியுரிமையோ, வரிச் சட்டப்படி இங்கே வசிப்பவர் என்ற நிலையோ அவர்களுக்கு இருக்க வேண்டும். கனடா, மெக்சிகோவில் வசிப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

கிரீன் கார்டில் வந்து உங்களோடு இருக்கிறார்கள் என்றால் முதலில் அவர்கள் வருமானத்தைப் பாருங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். 2025-க்கு ஒருவருடைய வருமானம் 5,200 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும், ஏறத்தாழ நாலரை லட்ச ரூபாய். "அப்பா இங்கே ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கலையே" என்பார்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் ஊர் வருமானமும் கணக்கில் சேரும். மதுரை வீட்டு மாடி போர்ஷன் வாடகை மாதம் இருபதாயிரம், எஃப்.டி. வட்டி வருடத்துக்கு இரண்டரை லட்சம் என்று வையுங்கள். மொத்தம் 4,90,000, வரம்பு தாண்டிவிட்டது. இந்தியாவில் வாடகையில் 30 சதவீதம் கழித்துப் பழகியிருப்பீர்கள். இங்கே இந்த வரம்பைப் பார்க்கும்போது வீட்டு வரி, ரிப்பேர் செலவு எதையும் கழிக்கக் கூடாது. வங்கி தரும் வட்டிச் சான்றிதழ் ஏப்ரல்-மார்ச் கணக்கில் இருக்கும். ஜனவரி முதல் டிசம்பர் வரை தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, அவர்கள் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் ஏற்றிருக்க வேண்டும். சாப்பாடு, மருந்து, இன்ஷூரன்ஸ் மட்டுமல்ல, அவர்கள் தங்கியிருக்கும் அறையை வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்குமோ அதுவும் உங்கள் பங்கு. அவர்கள் செலவழிக்காமல் வங்கியிலேயே விட்டுவைத்த பணம் இதில் சேராது. அக்கா, தம்பி எல்லாரும் பகிர்ந்து கொடுத்து, யாருமே தனியாகப் பாதியைத் தாண்டவில்லையா? பத்து சதவீதத்துக்கு மேல் கொடுத்த ஒருவர், அப்படிக் கொடுத்த மற்றவர்களின் சம்மதக் கையெழுத்தோடு படிவம் 2120 வைத்துக் காட்டலாம்.

விசிட்டர் விசாவில் வந்தவர்கள் வரிச் சட்டப்படி இங்கே வசிப்பவரா என்பதற்கு நாள் கணக்கு. இந்த வருட நாட்கள் முழுதாக, போன வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தையதில் ஆறில் ஒரு பங்கு. கூட்டினால் 183 வர வேண்டும். இந்த வருடம் 140 நாள், போன வருடம் 150 என்றால் 190, சரியாகிவிடும். சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லாதவர்களுக்குத் தரும் வரி எண்ணான ஐ.டி.ஐ.என். நம்பருக்கு டபிள்யூ-7 படிவம் போட வேண்டும். ஆனால் 183 தாண்டினால் அவர்களுடைய ஊர் வருமானமும் இங்கே கணக்குக்கு வரும். டிபென்டென்ட் ஒருவருக்கு உங்கள் வரியில் குறையும் 500 டாலர் கிரெடிட்டுக்காக மட்டும் இதில் இறங்காதீர்கள், ஒரு சி.பி.ஏ.வை (ஆடிட்டரை) கேட்டுவிடுங்கள்.

மணமாகாதவர்கள், டிபென்டென்டாகக் காட்டும் அம்மா அல்லது அப்பாவின் வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் பார்த்துக்கொண்டால் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் (குடும்பத் தலைவர்) என்ற பிரிவில் வரி கட்டலாம். 2025-ல், பில் எதுவும் காட்டாமலே வருமானத்தில் கழித்துக்கொள்ளும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 15,750-லிருந்து 23,625 டாலராகும். உண்மையான லாபம் இதுதான்.

அப்புறம், வருமானம் கூடுதல் என்பதால் மட்டும் அப்பாவைக் காட்ட முடியாமல் போனாலும் அவருக்காக நீங்கள் கட்டிய ஆஸ்பத்திரி பில்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஐட்டமைஸ் செய்பவர்கள் (அந்த ஸ்டாண்டர்ட் தொகைக்குப் பதில் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டிக் கழிப்பவர்கள்), மொத்த மருத்துவச் செலவு தங்கள் ஏ.ஜி.ஐ.யில் (சில கழிவுகள் போன பிறகான வருமானத்தில்) 7.5 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய தொகையைக் கழித்துக்கொள்ளலாம். அந்த பில்களும் அதில் சேரும்.