ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது): காரைக்குடிப் பக்கம் சோதனை செய்த பெண்கள் சொல்லுங்கள்

வயது 52. மாதவிடாய் நின்று மூன்று வருஷம், அதிலிருந்து காலையில் தலைவலியோடுதான் எழுகிறேன், மத்தியானம் பட்டாலையில் உட்கார்ந்து சீட்டுக் கணக்கு எழுதினால் கண் சொக்கிப் பேனா தானாகக் கோடு இழுத்துக்கொண்டு போகிறது. டாக்டரிடம் சொன்னால் "இந்த வயசில் அப்படித்தான்" என்று ஒரு தூக்க மாத்திரை. வீட்டுக்காரர் குறட்டை முகப்பு வரைக்கும் கேட்கும், அவருக்கு மட்டும் உடனே டெஸ்ட், மணிக்கு 34 முறை மூச்சுத் தடை, இப்போது சிபேப் (மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் மெஷின்) மாட்டி நிம்மதியாகத் தூங்குகிறார். எனக்குக் குறட்டை லேசுதான், ஆனால் ஊருக்கு வந்த மகள் பக்கத்தில் படுத்தபோது, விடியற்காலையில் எனக்கு மூச்சு நின்று நின்று திணறியதைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

நடுவயதில் ஆண்களுக்குத்தான் இது அதிகம், சரி. ஆனால் மாதவிடாய் நின்றபின் நமக்கும் ஏறிவிடுகிறது. பெண்களுக்குக் கனவு வரும் தூக்கத்தில்தான் தடை கூடுமாம், முழு ராத்திரிக்கும் சராசரி போட்டால் எண் குறைவாகத் தெரியும். இந்த நோய் இருக்க வாய்ப்பு உண்டா என்று பார்க்கும் ஸ்டாப்-பாங் கேள்வித்தாளில் ஆணாக இருந்தாலே 1 மதிப்பெண் (அங்கேயும் நாம் பின்னால்தான்!).

வீட்டிலேயே மாட்டி எடுக்கும் டெஸ்ட் போதுமா, மதுரை போய் ஒரு ராத்திரி படுத்து எடுக்கணுமா? செலவு எவ்வளவு? அப்புறம், சிபேப் போடுகிறவர்களே, சின்ன முகத்துக்கு எந்த மாஸ்க் காற்று கசியாமல் நின்றது? மூக்குத்தி இடிக்கிறதா?