கூடுதல் டீசல் டேங்க் வைத்தவர்களின் அனுபவங்கள்: எண்ணெய் போகும் வழியும் திரும்பும் வழியும்

குளச்சல், மீன் வண்டி

குளச்சலில் மீன் ஏற்றிக் கோழிக்கோடு வரை போய்த் திரும்பும் பிக்கப் வண்டி என்னுடையது. போக வர 800 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் ஊரில் நிரப்பிய டீசல், திரும்பும்போது ஆலப்புழை, கொல்லம் பக்கம் வருவதற்குள் தீர்ந்துவிடும். கேரளத்தில் 2023 ஏப்ரல் 1 முதல் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் (கூடுதல் வரி) கூடியதிலிருந்து அங்கே டீசல் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிட ஏறக்குறைய 3 ரூபாய் அதிகமாகவே இருக்கிறது. எல்லையிலிருக்கும் களியக்காவிளை தாண்டுவதற்கு முன்பே நிரப்பிக்கொள்வது எங்கள் ஓட்டுநர்கள் எல்லோருக்கும் பழக்கம். அந்தப் பழக்கம் சற்று முற்றிப்போய், 45 லிட்டர் கொள்ளும் இரண்டாவது டேங்க் ஒன்றை நானே வைத்துக்கொண்டேன். அதனால் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன்; மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சேர்க்க வேண்டும்.

டேங்கைக் கேபினுக்குப் பின்னால், பாடியின் முன்பக்கத்தில் உயரமாக வைத்தேன். அதிலிருந்து ஒரு குழாயை இறக்கி, எஞ்சினுக்குப் போகும் லைனில் மூன்று வாய் வால்வு ஒன்றைப் போட்டு, இந்தப் பக்கம் திருப்பினால் பழைய டேங்க், அந்தப் பக்கம் திருப்பினால் புதிய டேங்க் என்று அமைத்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்தது. இவ்வளவு எளிய காரியத்துக்குப் பட்டறைக்காரர்கள் ஏன் அத்தனை கூலி கேட்கிறார்கள் என்று வீட்டில் பெருமையும் பேசினேன்.

முதல் நடையில் இரண்டு டேங்கையும் கழுத்து வரை நிரப்பிக்கொண்டு, புதியதிலிருந்து ஓடும்படி வால்வைத் திருப்பிவிட்டுக் கிளம்பினேன். கழக்கூட்டம் தாண்டியபோது பின்னால் வந்த இருசக்கர வாகனக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து கையைக் காட்டிக் கத்தினார். ஓரம் கட்டிப் பார்த்தால், நான் தொடாத பழைய டேங்கின் மூடியைச் சுற்றி டீசல் வழிந்து, சாலையில் நீளமாகக் கோடு போட்டிருந்தது. நல்ல வேளையாக அன்று மழை இல்லை. நனைந்த சாலையில் சிந்திய டீசலின் மேல் ஏறும் இருசக்கர வாகனத்தின் கதி என்னவாகும் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. நாகர்கோவிலில் பம்ப் வேலை செய்யும் பெரியவர் ஒருவருக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. "போகுற எண்ணெய்க்கு வழி வச்சிருக்க, சரி. திரும்பி வர்ற எண்ணெய் எங்க போகுது மக்களே?" என்று கேட்டார். டீசலை ஒரு பொதுக் குழாயில் மிக அதிக அழுத்தத்தில் வைத்துப் பீய்ச்சும் காமன் ரெயில் எஞ்சினில் பம்ப் இழுக்கும் டீசல் முழுவதும் எரிவதில்லை. ஒரு பகுதிதான் எரிகிறது. மீதி, பம்ப்பையும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் குளிரவைத்து மசகிட்டு, சூடாக ரிட்டன் லைன் வழியே டேங்குக்குத் திரும்புகிறது. நான் எடுக்கும் வழியை மட்டும் புதிய டேங்குக்கு மாற்றிவிட்டு, திரும்பும் வழியைப் பழைய டேங்கிலேயே விட்டிருந்தேன். ஏற்கெனவே நிரம்பி நின்ற டேங்குக்குள் எஞ்சின் நிமிடந்தோறும் டீசலை ஊற்றிக்கொண்டே இருந்தது. பழைய டேங்கில் பாதியை ஓட்டித் தீர்த்த பிறகு புதியதைத் திறந்திருந்தால் ஒருவேளை எனக்கு இந்தக் குற்றம் பல மாதம் தெரியாமலே போயிருக்கும்.

எடுப்பதையும் திரும்புவதையும் ஒரே சமயத்தில் மாற்றும் ஆறு வாய் வால்வு போடலாம் என்றார் பெரியவர். அதைவிட, எஞ்சின் லைனைத் தொடாமல், புதிய டேங்கிலிருந்து பழைய டேங்குக்கு 12 வோல்ட் மோட்டாரால் ஃபில்டர் வழியாக மாற்றிக்கொள்வது மேல் என்பதும் அவர் சொன்னதுதான். அப்படியே செய்தேன். பழைய டேங்கின் அளவு காட்டும் முள் பாதிக்குக் கீழே வந்ததும் சுவிட்சைப் போடுவது, முக்கால் ஆனதும் அணைப்பது என்று ஓடியது. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் வீட்டு முற்றம் முழுக்க டீசல். மோட்டாரை அணைத்தால் ஓட்டம் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். உயரத்தில் இருக்கும் டேங்க், நின்றுபோன மோட்டாரின் ஊடாகவே இரவு முழுதும் கீழே பழைய டேங்குக்குள் வடிந்து, அது நிரம்பி வழிந்திருக்கிறது. அதன் பிறகு கையால் அடைக்கும் வால்வு ஒன்றைக் குழாயில் சேர்த்தேன்.

அடுத்தது காற்று. வெல்டிங் பட்டறையில் இறுக்கமான மூடியைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ப்ரீதர், அதாவது காற்று போய்வரும் குழாய், கேட்க வேண்டும் என்பது எனக்கும் தோன்றவில்லை. எண்ணெய் வெளியேற வெளியேற அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும் அல்லவா? அதற்கு வழி இல்லாததால் ஆற்றிங்ஙல் அருகே ஒரு நாள் பின்னாலிருந்து 'டொம்' என்று சத்தம் வந்தது. டேங்கின் பக்கத் தகடு உள்ளே குழிந்திருந்தது. உடனே ஒரு ப்ரீதர் குழாயைப் பொருத்தி அதன் வாயைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் விட்டேன். ஜூன் மாதத்து மழையில் சக்கரம் வாரியடித்த தண்ணீர் அந்த வழியாகவே ஏறி, டீசலில் தண்ணீர் கலந்திருப்பதைக் காட்டும் விளக்கு டாஷ்போர்டில் எரிந்தது. குழாயை டேங்கைவிட உயரமாக ஏற்றி, கைத்தடியின் பிடிபோல் மேலே வளைத்து, வாயைக் கீழ்நோக்கி விட வேண்டும். வண்டி சாய்ந்தால் தானே அடைத்துக்கொள்ளும் வால்வு இருந்தால் இன்னும் நல்லது.

மிச்சமான பணத்தையும் சொல்லிவிடுகிறேன். 45 லிட்டருக்கு 3 ரூபாய் என்றால் ஒரு நடைக்கு 135 ரூபாய். டேங்க், மோட்டார், குழாய்கள், முற்றத்தில் வடிந்தது எல்லாம் சேர்த்து எனக்கு 14,000 ரூபாய்க்கு மேல் ஆனது. இதைத் தவிர, நிரப்பிய டேங்கின் எடை 50 கிலோவுக்கு வரும். அந்த அளவு மீனைக் குறைத்தே ஏற்ற வேண்டியிருந்தது.

குலசேகரம், ரப்பர் பால் வண்டி

என் தவறு தகட்டில் நடந்தது. பழைய டேங்க் அடியில் துருப்பிடித்து ஒழுகியதால், துருவே பிடிக்காது என்று நம்பி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டில் புதிதாகச் செய்து வாங்கினேன். பார்க்க வெள்ளிப் பாத்திரம்போல இருந்தது. நான்கு மாதத்தில் வண்டி மேட்டில் இழுக்காமல் திணறத் தொடங்கியது. பேச்சிப்பாறை ஏற்றத்தில் இரண்டாவது கியரிலேயே நின்றது. ஃபில்டரை மாற்றினால் இரண்டு வாரம் ஓடும், பிறகு பழைய கதைதான். கழற்றிய ஃபில்டரில் வெளிர் சாம்பல் நிறத்தில் மெழுகுபோல ஒன்று அப்பியிருந்தது.

ஜி.ஐ. தகட்டின் மேல் பூசியிருப்பது துத்தநாகம். டீசல் பழையதாகும்போது அதில் உண்டாகும் அமிலங்கள் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்புபோன்ற பொருளாக மாறுகின்றன. அது டீசலில் கரைந்தும் மிதந்தும் போய் ஃபில்டரில் அடைகிறது. தப்பிப்போவது இன்ஜெக்டரின் வாயில் படிகிறது. செப்புக் குழாயும் பித்தளை அடைப்பானும்கூட டீசலைச் சீக்கிரம் கெட்டுப்போகச் செய்யும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அதனால்தான் டீசல் டேங்கின் உட்புறத்தில் துத்தநாகம் பூசக்கூடாது என்கிறார்கள். பூச்சு இல்லாத சாதாரண இரும்புத் தகடு, அலுமினியம், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரும்பை எடுத்தால் டேங்கைக் காலியாக நிறுத்தி வைக்கக்கூடாது. நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆண்டில் பாதி நாள் காற்றில் ஈரம். பாதி காலியான டேங்கின் உள்சுவரில் இரவில் நீர் வேர்த்து அடியில் தங்கும். அடியில் வடிகால் திருகு வைத்து, எடுக்கும் குழாயின் நுனியை அடித்தட்டிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நிறுத்தினால் அந்த நீரும் கசடும் எஞ்சினுக்குப் போகாது. என் டேங்கில் இரண்டுமே இல்லை.

இன்ஜெக்டர் நான்கையும் கழற்றிச் சுத்தம் செய்ய ஆன செலவில் கம்பெனி டேங்கே புதிதாக வாங்கியிருக்கலாம்.

மார்த்தாண்டம், வெல்டிங் பட்டறை

டேங்க் வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அதில் எப்போதாவது பெட்ரோல் ஊற்றியதுண்டா என்பதுதான். உண்டு என்றால் திருப்பி அனுப்பிவிடுவேன். டீசல் டேங்க் காலியாகத்தானே இருக்கிறது, அப்படியே பற்றவையுங்கள் என்று அவசரப்படுத்துகிறவர்கள் அதிகம். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் எங்களுக்குப் பயம். டீசல் பெட்ரோலைப்போல எளிதில் பற்றுவதில்லை. நம் நாட்டுத் தர விதிப்படி அதன் தீப்பற்றுநிலை 35 டிகிரிக்குக் குறையக்கூடாது. ஆனால் வெல்டிங் சூடு படும்போது தகட்டின் மூலைகளிலும் மடிப்புகளிலும் ஒட்டியிருக்கும் எண்ணெய் ஆவியாகிக் காற்றோடு கலக்கிறது. அடைத்த பெட்டிக்குள் அந்தக் கலவை சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும். நான் தொழில் பழகிய பட்டறையில், கழுவியாகிவிட்டது என்று ஒருவர் சொன்னதை நம்பிப் பற்றவைத்த டேங்கின் பக்கத் தட்டு பிய்த்துக்கொண்டு போய், பத்தடி தள்ளி நின்ற தென்னை மரத்தில் அடித்தது. குனிந்து வேலை செய்தவர் அந்தப் பக்கம் நிற்காததால் பிழைத்தார்.

இப்போது நான் சோப்புக் கரைசல் கலந்த கொதிநீரால் இரண்டு முறை கழுவி, எல்லா வாய்களையும் திறந்துவைத்து, பற்றவைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பிய பிறகுதான் கையை வைக்கிறேன். முடிந்ததும் காற்று ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்ப்பேன். அழுத்தத்தை இரண்டு மூன்று பி.எஸ்.ஐ.க்கு (டயர் காற்றை அளக்கும் அதே அளவு) மேல் ஏற்றினால் தட்டைப் பக்கங்கள் உப்பிவிடும். உள்ளே குறுக்குத் தடுப்புகள் இல்லாமல் பெரிய டேங்க் செய்து தரமாட்டேன். வளைவில் டீசல் ஒரு பக்கமாக ஒதுங்கினால் குழாய் காற்றை இழுக்கும். எஞ்சின் நடுவழியில் நிற்கும். எஞ்சியிருக்கும் வெல்டிங் கசடும் சிறிய விஷயமல்ல. 1,600 பார் அழுத்தத்தில் ஓடும் இன்ஜெக்டருக்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்கூட அரம்போல வேலை செய்யும்.

வடசேரி, காய்கறி வண்டி

சட்டத்தை யாரும் சொல்லவில்லையே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்தும் பதிவுச் சான்றிலிருந்தும் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்க வண்டியைக் காட்டும் நாளில் மட்டும் டேங்கைக் கழற்றி வைப்பவர்களை எனக்குத் தெரியும்; நானும் ஒரு முறை செய்தேன். விபத்து நடக்கும் நாளில் அப்படிக் கழற்றி வைக்க முடியாதே என்று இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. குளச்சல் அண்ணன் இன்னும் அந்த டேங்கோடுதான் ஓடுகிறாரா?

குளச்சல், மீன் வண்டி

இல்லை, தம்பி. கழற்றி எட்டு மாதமாகிறது. பாடியில் போட்ட நான்கு துளைகளையும் அடைத்துவிட்டேன். இப்போது திரும்பும் வழியில் கொல்லத்தில் 20 லிட்டர் போட்டுக்கொள்கிறேன்; 60 ரூபாய் கூடுதலாக ஆகிறது. டேங்கின் குழிந்த பக்கத்தைத் தட்டி நிமிர்த்தி, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் உடைக்கும் டீசல் எஞ்சின் வைத்திருக்கும் கூட்டாளிக்குக் கொடுத்தேன். அவருடைய எஞ்சினின் ரிட்டன் குழாய் எங்கே போகிறது என்று முதலில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.