கீழக்கரையில் தினசரி ஓட்டுவதற்கு, ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஆடி டிடி வாங்கலாமா?

கேள்வி: கீழக்கரைவாசி

அனைவருக்கும் வணக்கம். துபாயில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுச் சென்ற ஆண்டு ஊர் திரும்பி, ராமநாதபுரத்தில் ஒரு கடை வைத்திருக்கிறேன். வீடு கீழக்கரையில், கடலுக்கு முந்நூறு மீட்டர்கூட இராது. திருப்புல்லாணி வழியாகக் கடைக்குப் போய்வர நாளொன்றுக்கு 35 கிலோமீட்டர் ஆகிறது. மாதத்தில் இரண்டு மூன்று முறை மதுரை விமான நிலையம்வரை செல்ல நேரிடும்.

கோயம்புத்தூரில் ஓர் ஆடி டிடி ஸ்போர்ட்ஸ் கார் விற்பனைக்கு வந்திருக்கிறது. 2012-இல் பதிவானது, இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், குவாட்ரோ (நான்கு சக்கர இயக்கம்), இரண்டாவது உரிமையாளர், ஓட்டம் 1,06,000 கிலோமீட்டர். 13 லட்சம் சொல்கிறார், குறைப்பார் போலத் தெரிகிறது. 72,000 கிலோமீட்டர் வரைக்கும் கம்பெனி சர்வீஸ் ரசீதுகள் இருக்கின்றன. அதற்குப் பிறகு வெளியே பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் பணத்துக்குப் புதுக் கார் எடுத்தால் மூன்று ஆண்டுகளுக்கு பானெட்டைத் திறக்கவே வேண்டியதில்லை என்று என் காக்கா (அண்ணன்) சொல்கிறார். அவர் சொல்வதில் தவறில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் துபாயில் என் முதலாளியின் டிடியை இரண்டு ஆண்டுகள் ஓட்டியவன் நான். அந்த ஸ்டீயரிங் கையை விட்டுப் போகவில்லை. ஆகவே வாங்கலாமா என்பதோடு, வாங்குவதானால் எதை எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பரமக்குடி பட்டறை

தம்பி, மதுரையில் ஐரோப்பியக் கார்களை மட்டும் பார்க்கும் பட்டறையில் பதினாறு ஆண்டுகள் இருந்துவிட்டு இப்போது பரமக்குடியில் தனியாகப் பார்க்கிறேன். ஒரு லட்சம் கிலோமீட்டர் என்ற எண்ணைக் கண்டு நான் பயப்படுவதில்லை. அந்த ஓட்டத்தில் எது எப்போது மாற்றப்பட்டது என்பதற்குக் காகிதம் இல்லையென்றால்தான் பயப்படுவேன்.

2010-க்கு முந்தைய 200 குதிரைத்திறன் டிடியில், எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் இருந்தது. நீங்கள் சொல்வது அதற்குப் பின்வந்த 211 குதிரைத்திறன் எஞ்சினாக இருக்க வேண்டும். அதில் பெல்ட்டுக்குப் பதில் செயின். செயின் என்றால் ஆயுளுக்கும் கவலையில்லை என்று விற்பவர்கள் சொல்வார்கள், நம்ப வேண்டாம். இந்த எஞ்சினின் பலவீனமே அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர்தான். அது பிடி விட்டால் செயின் பல் தாவும், பிஸ்டன் வால்வை முட்டும், அன்றைக்கே எஞ்சின் முடிந்துவிடும். 2012-ஐ ஒட்டித் திருத்தப்பட்ட டென்ஷனர் வந்தது. உங்கள் வண்டி பதிவான ஆண்டை மட்டும் வைத்துப் பழையதா புதியதா என்று சொல்ல முடியாது. கீழ்ப்பக்க டைமிங் மூடியில் இருக்கும் ரப்பர் அடைப்பைக் கழற்றிப் பார்த்தால் அது எந்த வகை, எவ்வளவு தூரம் வெளியே வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அரைமணி நேர வேலை. அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வண்டியைக் காலையில், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஒருமுறை திருச்சியில் வாடிக்கையாளருக்காக வண்டி பார்க்கச் சென்றபோது, "நேற்றிலிருந்து எடுக்கவே இல்லை" என்றார் உரிமையாளர். பானெட்டில் கை வைத்தேன், இட்லிப் பானையைப்போல் சுட்டது. குளிர்ந்த எஞ்சினை எழுப்பும்போது முதல் இரண்டு மூன்று நொடிகள் கடகடவென்று சத்தம் வந்தால் அது செயின். சூடான எஞ்சினில் அந்தச் சத்தம் கேட்காது. அவர் முன்கூட்டியே ஓட்டி வைத்ததன் காரணமும் அதுதான்.

அடுத்து, இந்த எஞ்சின்கள் ஆயில் குடிக்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர்வரை குடித்தாலும் இயல்பே என்பதுதான் நிறுவனத்தின் கணக்கு. உண்மையில் அந்த அளவை எட்டிய எஞ்சினில் பிஸ்டன் ரிங் அடைத்துப்போயிருக்கும். அதைச் சரிசெய்ய எஞ்சினை இறக்க வேண்டும். டிக்கியில் பாதி காலியான ஆயில் கேன் இருக்கிறதா என்று பாருங்கள். அது உரிமையாளரைவிட அதிகம் பேசும்.

கியர்பாக்ஸ் ஆறு வேக டிஎஸ்ஜி, அதாவது இரட்டைக் கிளட்சு கொண்ட தானியங்கி வகை. கிளட்சு ஆயிலில் மூழ்கியிருக்கும் வகை என்பதால், நம் ஊரில் கெட்ட பெயர் வாங்கிய ஏழு வேக உலர் கிளட்சைவிட உறுதியானது. ஆனால் ஒவ்வொரு 60,000 கிலோமீட்டருக்கும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியாக வேண்டும். உங்களிடம் 72,000 வரை ரசீது இருப்பது இங்கேதான் பயன்படும்: 60,000-ஐ ஒட்டிய ரசீதில் டிஎஸ்ஜி ஆயில் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் முதல் ஆயிலிலேயே ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கிறது என்று பொருள்.

பதில் 2: மண்டபம் வடகடல்

பட்டறை அண்ணன் எஞ்சினைப் பற்றிச் சொன்ன பிறகு அதில் சேர்க்க எனக்கு ஒன்றுமில்லை. நான் விசைப்படகு எஞ்சின் வேலை பார்ப்பவன், ஆகவே உப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

அந்த வண்டி கோயம்புத்தூரில் பதினைந்து ஆண்டு இருப்பதும் கீழக்கரையில் மூன்று ஆண்டு இருப்பதும் ஒன்றல்ல. கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் விடியற்காலையில் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஏதாவது ஒரு வண்டியின் முன்கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். அந்தக் கரிப்பு ஒவ்வொரு இரவும் வண்டியின் அடிப்பாகத்திலும், பிரேக் குழாயிலும், ஏசி கண்டன்சரின் மெல்லிய தகடுகளிலும் படிகிறது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தை ஓயாமல் பெயின்ட் அடித்துத்தான் நூறாண்டு காப்பாற்றினார்கள். அதிலேயே 2022 இறுதியில் அரிப்பின் காரணமாக ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று.

டிடியில் இன்னொரு சிக்கல் உண்டு. இந்தத் தலைமுறை டிடியின் உடற்கூட்டில் எடைக்கணக்கில் 69 விழுக்காடு அலுமினியம், 31 விழுக்காடு இரும்பு. முன்பாதி அலுமினியம்; கதவுகள், டிக்கி மூடி, பின்பக்கத் தரை ஆகியவை இரும்பு. இரண்டு உலோகங்கள் ஒட்டி நின்று நடுவில் உப்பு ஈரம் புகுந்தால் அலுமினியம் தன்னைக் கரைத்துக்கொள்ளும். படகில் ப்ரொப்பெல்லர் தண்டின் அருகே துத்தநாகக் கட்டி மாட்டுவது இதே காரணத்தால்தான்: துத்தநாகம் முதலில் கரைந்து மற்றதைக் காப்பாற்றும். தொழிற்சாலையில் இணைப்புகளுக்கிடையே பசையும் பூச்சும் கொடுத்து இந்த ஈரத்தைத் தடுத்திருக்கிறார்கள், அதனால் அடிபடாத வண்டி பிழைத்துக்கொள்ளும். அடிபட்டு, சாதாரணப் பட்டறையில் இரும்புத் திருகு போட்டு மாட்டிய வண்டி நம் கடற்கரையில் பிழைக்காது. முன்பக்க மட்கார்டு, பானெட்டின் விளிம்பு, சக்கர வளைவின் உட்புறம் ஆகிய இடங்களில் பெயின்ட் கொப்பளித்திருந்தால் நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். சிவப்புத் துரு வராது. சுண்ணாம்புபோல் வெள்ளைத் தூள் உதிரும்.

இதைச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. பேட்டரியில் மாட்டிவிட்டால் துருவே வராது என்று சிறு மின்கருவி ஒன்றை விற்கிறார்கள். படகு தண்ணீரில் மிதப்பதால் துத்தநாகத்துக்கும் இரும்புக்கும் இடையே கடல்நீர் தொடர்பு இருக்கிறது. காற்றில் நிற்கும் காருக்கு அந்தத் தொடர்பு ஏது? அந்தப் பணத்தில் அடிப்பாகத்துக்கு மெழுகுப் பூச்சு அடித்துவிடலாம்.

வாங்கினால் மூடிய கொட்டகை வேண்டும், கடல் பக்கம் சுவரோடு. துணிக் கவர் போடாதீர்கள். அது உப்பையும் ஈரத்தையும் பிடித்துவைத்துக் காற்றில் பெயின்ட்டைத் தேய்க்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது தண்ணீர். நம் மாவட்டத்தில் கடலோரத்தில் போர் போட்டால் எப்படிப்பட்ட தண்ணீர் வரும் என்பது உங்களுக்கே தெரியும். வாட்டர் வாஷ் கடையில் அந்தத் தண்ணீரை அழுத்தத்தில் அடிப்பகுதிக்கு அடிக்கிறார்கள். கழுவியதாக நினைக்கிறோம், உப்பை மூலை முடுக்கெல்லாம் ஏற்றி அனுப்புகிறார்கள். காவிரிக் குடிநீர் இரண்டு குடம் போதும், வாரம் ஒருமுறை அடியில் ஊற்றிவிடுங்கள். குடிக்கிற தண்ணீரைக் காருக்கு ஊற்றுகிறான் என்று வீட்டில் பேச்சு விழும். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

பதில் 3: தொண்டி சாலை

காகிதச் செலவை யாரும் சொல்லவில்லை. 2012-இல் பதிவான வண்டிக்கு 2027-இல் பதினைந்து ஆண்டு முடியும். புதுப்பித்தால் ஐந்தாண்டுக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) கிடைக்கும். 2022 ஏப்ரல் முதல் சாதாரணக் காருக்கு அந்தக் கட்டணம் 5,000 ரூபாய். இறக்குமதிக் காருக்கு 40,000 ரூபாய். டிடி ஹங்கேரியின் ஜியோர் நகரில் உருவாகி முழு வண்டியாக இறங்கியது, எனவே நீங்கள் இரண்டாவது கணக்கில் வருவீர்கள். 2025-இல் வந்த அறிவிப்பின்படி இருபது ஆண்டு தாண்டிய இறக்குமதிக் காருக்கு 80,000 ரூபாய். பசுமை வரி தனி. தேய்மானம் கழிக்காத காப்பீட்டை இந்த வயது வண்டிக்குப் பெரும்பாலும் தரமாட்டார்கள். விலை பேசும்போது இதையெல்லாம் முன்னால் வையுங்கள்.

டயர் விஷயத்தையும் யோசியுங்கள். 18 அங்குலச் சக்கரம் என்றால் 245/40 அளவு, பக்கச்சுவர் மெல்லியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓரம் ஒதுங்கினாலே கருவேல முள் குத்தும். பக்கச்சுவரில் குத்தினால் ஒட்டு நிற்காது, அந்த அளவு டயர் ராமநாதபுரத்துக் கடைகளில் கையிருப்பில் இருக்காது. நான் தாழ்வான கார் ஒன்றை இரண்டு ஆண்டு வைத்திருந்து, வேகத்தடைகளுக்காகவே விற்றவன். இது உங்களுக்கு இரண்டாவது வண்டியாக இருக்கட்டும். ஒரே வண்டியாக வேண்டாம் என்பது என் கருத்து.

பதில் 4: பரமக்குடி பட்டறை

தொண்டி நண்பர் சொல்வதோடு ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். இப்படிப்பட்ட எஞ்சினை வாரம் ஒருமுறை எழுப்பி இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துவதைவிட, நாள்தோறும் 17 கிலோமீட்டர் ஒரே மூச்சில் ஓட்டுவது நல்லது; ஆயில் நன்றாகச் சூடேறி ஈரம் வெளியேறும். இப்போது பங்கில் வருவது இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். 2012 வண்டி அந்த அளவை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் டேங்கில் விடக் கூடாது. ஆகவே தினசரி ஓட்டுவது பிழையல்ல. வண்டி பட்டறையில் கிடக்கும் நாட்களுக்கு வீட்டில் வேறு வண்டி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நம் மாவட்டத்தில் இந்தக் கம்பெனியின் பணிமனை இல்லை. மதுரைக்கு வண்டியை ஏற்றிச்செல்ல வேண்டுமென்றால் அது நூறு கிலோமீட்டருக்கும் மேல். பாகம் வரப் பத்து நாள் காத்திருக்கவும் நேரும்.

கேள்வி கேட்டவர்: கீழக்கரைவாசி

அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் சென்றுவந்தேன். காலை ஆறரை மணிக்கே போய் நின்றேன்; பானெட் சில்லென்று இருந்தது, எழுப்பும்போது கடகடப்பு எதுவும் கேட்கவில்லை. 61,000 கிலோமீட்டர் ரசீதில் டிஎஸ்ஜி ஆயில், ஃபில்டர் இரண்டும் இருக்கின்றன. டிக்கியில் ஆயில் கேன் இல்லை.

ஆனால் முன்பக்க வலது மட்கார்டின் உள்விளிம்பில், திருகைச் சுற்றி ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயின்ட் உப்பியிருந்தது. மண்டபம் அண்ணன் சொன்னபடி சுரண்டினேன், வெள்ளைத் தூள் உதிர்ந்தது. கேட்டதற்கு, முன்னைய உரிமையாளர் தூணில் உரசியதாகச் சொன்னார். மட்கார்டு கழற்றி மாட்டுகிற பாகம்தான், அதை மாற்றிவிடலாம். அதற்குப் பின்னால் இருக்கும் கூடு அடிபட்டிருக்கிறதா என்பதை லிஃப்டில் ஏற்றினால்தான் சொல்ல முடியும். லிஃப்டுக்கும், டென்ஷனர் மூடியைத் திறப்பதற்கும் சம்மதித்துவிட்டார், செலவு என்னுடையது. வீட்டில் பழைய ஆல்டோ ஒன்று இருக்கிறது, அதை விற்கப்போவதில்லை. பட்டறை அண்ணன் வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த நாள் என்னோடு கோயம்புத்தூர் வர முடியுமா என்று தனிச்செய்தியில் தெரிவித்தால், போக வர உள்ள செலவையும் ஒரு நாள் கூலியையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.