வாழைத் தோப்பு வேலைக்கு 40,000 ரூபாய் மடக்குக்கத்தி தேவையா?

பூவன்தோப்பு (திருவையாறு):
எல்லோருக்கும் வணக்கம். தோப்பில் மடக்குக்கத்திக்கு நாள் முழுக்க வேலை இருக்கிறது. இலை அறுக்கணும், சருகு கழிக்கணும், முட்டுக்கம்பில் கட்டிய நைலான் கயிறு வெட்டணும், உரச் சாக்கின் தையல் பிரிக்கணும், நடுவில் மாங்காயும் நறுக்கணும். கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் செபென்சா 31 மடக்குக்கத்தி வாங்க யோசனை. மேக்னாகட் எஃகு, டைட்டானியப் பிடி. வரியெல்லாம் சேர்த்தால் 40,000 ரூபாயைத் தொடுகிறது. மரப்பிடி போட்ட ஓபினெல் 8 மடக்குக்கத்தி அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. கூர் நிற்பதிலும் துருவிலும் மூட்டில் சேறு புகுவதிலும் அந்த விலைக்குத் தக்க வித்தியாசம் தெரியுமா?

சாணைக்கல் (கும்பகோணம்):
ஐயா, வெட்டுத்திறனை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான். கத்தி எவ்வளவு லேசாக இறங்கும் என்பதை வாய்க்குச் சற்று மேலே இருக்கும் கனம்தான் முடிவு செய்கிறது. சாணை பிடித்த சரிவு முடியும் இடத்தில் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். 0.3 மி.மீ. இருந்தால் மாங்காயில் வழுக்கிக்கொண்டு இறங்கும். 0.7 மி.மீ. இருந்தால் எவ்வளவு கூராக இருந்தாலும் காயைப் பிளக்கும், நறுக்காது. செபென்சாவின் முதுகு சுமார் 3 மி.மீ., ஓபினெல் 8-ன் முதுகு 2 மி.மீ.க்கும் குறைவு. காய் நறுக்க ஓபினெல்தான் மேல்.

கூர் நிற்பதில் மேக்னாகட் ஜெயிக்கும், அதில் சந்தேகமே இல்லை. உலோகவியலாளர் லாரின் தாமஸ் வடிவமைத்து 2021-ல் வந்த எஃகு அது. தேய்மானத்தைத் தாங்குவது அதிலுள்ள வனேடியம், நையோபியம் கார்பைடுகள், அதாவது எஃகுக்குள் இருக்கும் கடினமான துகள்கள். ஆனால் "கூரே போகாது" என்று நினைத்து வாங்காதீர்கள். சருகில் ஒட்டிய மண்ணும் சாக்கில் ஒட்டிய மணலும் எந்த வாயையும் மழுங்கடிக்கும். அப்போது தெருவில் மின்மோட்டார் சாணையில் கொடுத்தால் 40,000 ரூபாயும் ஐந்து நிமிடத்தில் போச்சு. தண்ணீர் படாமல் ஓடும் கல்லில் வாய் நீலம் பூத்தால் சூடு 300 டிகிரியை எட்டிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் பதம் இறங்கியிருக்கும், அதற்குப் பிறகு கூர் நிற்காது.

வீட்டிலேயே வைரத் தகட்டில் தீட்டுங்கள். வனேடியம் கார்பைடு சாதாரண அலுமினியம் ஆக்சைடு கல்லைவிடக் கடினம் என்பதால் அந்தக் கல் அதை ஒழுங்காக அறுக்காது. 400-ம் எண் தகட்டில் தொடங்கி 1200-ம் எண்ணில் முடித்து, பிறகு தோல்வாரில் பத்துப் பத்து இழுப்பு போதும். கோணம் பிடிக்க ஒரு கணக்கு: அலகின் அகலத்தை 0.3-ஆல் பெருக்குங்கள். 24 மி.மீ. அகலத்துக்கு முதுகைக் கல்லிலிருந்து 7 மி.மீ. தூக்கிப் பிடித்தால் 17 டிகிரிக்கு அருகில் வரும். ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கம் வாய் நெடுகப் பிசிறு தட்டுப்பட வேண்டும். அது வராமல் பக்கம் மாற்றினால் தீட்டியது வீண்.

உப்புக்காற்று (நாகப்பட்டினம்):
துருவைப் பற்றி நான் சொல்கிறேன். வாழைப்பாலில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் கார்பன் எஃகில் பட்டால் அலகு கருத்துப்போகும். அந்தக் கறுப்பால் கெடுதல் இல்லை, செந்துருதான் கெடுதல். ஓபினெல் எடுத்தால் கார்பனை விட்டு ஐனாக்ஸ் எடுங்கள், அது 12சி27 என்ற துருப்பிடிக்காத எஃகு. மலிவு விலையில் கிடைக்கும் டி2 எஃகில் ஏறத்தாழ 12 சதவீதம் குரோமியம் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி கார்பைடில் மாட்டிக்கொள்வதால் புள்ளித்துரு வந்துவிடும். மேக்னாகட்டில் குரோமியம் 11 சதவீதத்துக்கும் குறைவுதான், இருந்தும் அது கார்பைடில் சிக்காமல் எஃகிலேயே கரைந்து நிற்பதால் துருவை நன்றாகத் தடுக்கும்.

நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது பொட்டாஷ் மூட்டைக்கு. அது பொட்டாசியம் குளோரைடு, உப்புக்கு அண்ணன். அந்தச் சாக்கைப் பிரித்த கத்தியை அப்படியே மடித்துப் பையில் போட்டால் துருப்பிடிக்காத எஃகிலும் குழி விழும். நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிட்டு மடியுங்கள். காய்ந்த வாழைப்பால் தண்ணீருக்குப் போகாது, எண்ணெய்த் துணியால் தேய்த்தால் போகும். மூட்டுக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறைந்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

அச்சும்பூட்டும் (மன்னார்குடி):
சாணைக்கல் அண்ணன் சொன்னதில் ஒன்றை மட்டும் ஒப்ப முடியவில்லை. செபென்சாவை வெட்டுத்திறனை வைத்து மட்டும் எடைபோடக் கூடாது. காசு போயிருப்பது மூட்டிலும், விரித்த அலகை மடங்காமல் பிடிக்கும் பூட்டிலும். 'செபென்சா' என்றால் ஜூலு மொழியில் 'வேலை'. அந்தப் பெயருக்கு ஏற்ற அமைப்புதான் அதில் இருக்கிறது. மூட்டில் குண்டு பேரிங் கிடையாது, பாஸ்பர் வெண்கல வாஷர்தான். நம் வண்டல் புகுந்தால் பேரிங் கரகரவென்று சிக்கும். தட்டை வாஷரில் அது துடைத்தால் போகும். மூட்டுத் திருகை முழுக்க இறுக்கிவிடலாம். உள்ளே புஷ் என்ற குழல் இருப்பதால் அலகு இறுகாது, ஆடவும் ஆடாது. டைட்டானியப் பூட்டு எஃகு அலகில் உரசித் தேயும் என்பார்கள். செபென்சா 31-ல் பூட்டு தொடும் இடத்தில் செராமிக் குண்டு இருப்பதால் அந்தத் தேய்மானம் குறைவு.

எந்தக் கத்தி வந்தாலும் முதலில் விரித்துப் பிடித்து மேலும் கீழும், பிறகு பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மேல்கீழ் ஆட்டம் இருந்தால் உடனே திருப்பி அனுப்புங்கள். திருகை இறுக்கி அதைச் சரிசெய்ய முடியாது. போலிகளும் நிறைய உலவுகின்றன, பாதி விலை என்றால் தொடாதீர்கள்.

பத்து வருடம் பிரித்துத் துடைத்து வைத்துக்கொள்பவருக்கு அந்த விலை தகும். ஆள் மாறி ஆள் எடுக்கும் தோப்புக் கத்திக்குத் தகாது.

பூவன்தோப்பு:
எங்கள் கத்தி நாலு கை மாறும். அப்படியானால் ஓபினெல் ஐனாக்ஸ்தான். ஐப்பசி அடைமழையில் மரப்பிடி ஊதி இறுகிவிடும் என்கிறார்களே?

சாணைக்கல்:
ஊதும், உண்மைதான். மூட்டிலுள்ள பூட்டு வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, பிடியின் வால்பக்கத்தைக் கட்டையில் லேசாகத் தட்டுங்கள். அலகு எட்டிப் பார்க்கும், நகத்தால் இழுத்துவிடலாம். மழைக்கு முன்பே செய்யவேண்டியது இது: நிழலில் நாலு நாள் நன்றாகக் காயவிட்டு, மூட்டுப் பக்கத்தைக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவையுங்கள். துடைத்து ஒரு வாரம் ஆறவிடுங்கள். அப்புறமும் பிடித்தால் 180-ம் எண் உப்புத்தாளை அட்டையில் மடித்து, பிடியின் பிளவுக்குள் இரு பக்கமும் கொஞ்சமாகத் தேயுங்கள். அதிகம் தேய்த்துவிட்டால் கோடையில் அலகு லொடலொடக்கும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயப்போடுங்கள், சுருட்டிக் கிடந்தால் தானாகத் தீப்பிடிக்கும்.