ஆள்சேர்ப்பு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களே, இன்னும் மனதை உறுத்தும் ஒரு சம்பவம் எது?

மாடிப்படி:

நாற்காலியைப் பற்றித்தான் எழுத வந்தேன். காலைக் கூட்டம், வெள்ளைப் பலகை, நம் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் பூஜ்யம். இதெல்லாம் இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் மேலாளர் அதற்கும் மேலே போனார். அன்றைய முதல் ரெஸ்யூமை வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு அனுப்பும்வரை யாரும் உட்காரக் கூடாது என்று சொல்லி, எல்லோருடைய நாற்காலிகளையும் கூட்ட அறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டார். நின்றுகொண்டு பேசினால் குரலில் உற்சாகம் வருமாம்.

பக்கத்து மேசை அக்காவுக்கு மூட்டுவலி. வலது முழங்காலை இழுப்பறையின் மேல் முட்டுக்கொடுத்து, ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்தபடி யாரோ ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார். "அந்த நிறுவனத்தில் ஊழியர்களை நன்றாகக் கவனித்துக்கொள்வார்கள், நீங்கள் கவலையே படாதீர்கள்" என்றார். குரலில் வலி துளிகூடத் தெரியவில்லை. ரிசீவரை வைத்த பிறகுதான் உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. நான் போய்ச் சாவியைக் கேட்டேன். "அவர் ஒரு ரெஸ்யூம் அனுப்பட்டும், நானே எடுத்துத் தருகிறேன்" என்று பதில் வந்தது.

அந்த அக்கா அடுத்த மாதமே வேலையை விட்டுவிட்டார். அந்த வெளுத்த விரல்கள்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

இரவுவாசகி:

நாங்கள் சேர்த்துவிட்ட ஆள் 90 நாளுக்குள் விலகினால் இலவசமாக வேறு ஆள் தர வேண்டும், இல்லையென்றால் வாங்கிய கட்டணத்தைத் திருப்ப வேண்டும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் இப்படி ஒரு விதி இருக்கும். எங்கள் அலுவலகத்தில் அந்த நட்டத்தை ரெக்ரூட்டரின் ஊக்கத்தொகையிலிருந்து பிடித்துக்கொள்வார்கள்.

காலக்கெடு முடிய ஒரு வாரம்கூட இல்லை. நான் சேர்த்துவிட்ட இளைஞர் ராஜினாமா செய்துவிட்டார். அவருடைய அம்மாவுக்கு உடல்நிலை மோசம், ஊருக்குத் திரும்புகிறார். விஷயத்தைச் சொன்னதும் மேலாளர் என் கைப்பேசியை வாங்கி அவரே அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டதால் அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. "அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லையா? அந்தத் தேதி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள், அப்புறம் போங்கள்" என்றார். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு அந்தப் பையன், "சார், இது அவங்க நம்பர்தானே? அவங்ககிட்ட ஒரு நிமிஷம் குடுங்க" என்று கேட்டான். மேலாளர் இணைப்பைத் துண்டித்துவிட்டார். என்னிடம் அவன் என்ன சொல்ல நினைத்தானோ! மாலையில் நானே கூப்பிட்டேன். அதற்குள் என் எண்ணைத் தடை செய்திருந்தான்.

பழைய டீம் லீடர்:

மாடிப்படி, நாற்காலியைப் பூட்டியது கொடுமை, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் இங்கே எல்லோரும் மேலாளரை மட்டுமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். அந்த நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரே காலியிடத்தை வாடிக்கையாளர் நான்கைந்து ஏஜென்சிகளிடம் கொடுக்கிறார். யாருடைய ஆள் வேலையில் சேர்கிறாரோ அந்த ஏஜென்சிக்கு மட்டும் முதல் ஆண்டுச் சம்பளத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கு கட்டணம். மற்றவர்கள் வாரக்கணக்கில் உழைத்ததற்கு ஒரு காசு கிடையாது. அந்தக் கட்டணமும் கைக்கு வந்துசேர மாதங்கள் ஆகும். மாதக் கடைசியில் சம்பளம் போட வேண்டியவர் பலகையைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பார்?

நானும் இலக்கு வைத்தே அணியை நடத்தினேன். ஆனால் அழைப்புகளை எண்ணவில்லை, நேர்காணல்வரை எத்தனை பேர் போனார்கள் என்று பார்த்தேன். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அழைப்பை எண்ணினால் ரெக்ரூட்டர் எடுக்காத எண்களாகத் தேடி அழைப்பார்.

நீலத்தாள்:

பழைய டீம் லீடர் அவர்களே, கட்டண முறை காரணம் என்றால், இல்லாத வேலைக்கு விளம்பரம் போடுவதற்கு என்ன காரணம்? அந்தக் காலியிடத்துக்கு எப்போதோ ஆள் எடுத்தாகிவிட்டது. விளம்பரத்தை மட்டும் எடுக்கக் கூடாது என்றார்கள். ரெஸ்யூம்கள் வந்துகொண்டே இருக்கும், தரவுத்தளம் பெருகும், புதிய வாடிக்கையாளரிடம் "எங்களிடம் இத்தனை பேர் இருக்கிறார்கள்" என்று காட்டலாம். இதில் எந்தக் கட்டணம் வந்து நெருக்கியது?

வயதில் பெரியவர் ஒருவர் திங்கட்கிழமை தோறும் அழைப்பார். "ஏதாவது தகவல் உண்டா தம்பி?" என்பார், அவ்வளவுதான். ஒரு திங்களன்று நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன். "ஐயா, அந்த இடம் நிரம்பிவிட்டது. இனி இதற்காகக் காத்திருக்காதீர்கள்." அவர் நன்றி சொன்னார். உண்மையாகவே நன்றி சொன்னார்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் அந்த ஒலிப்பதிவை எல்லோர் முன்னாலும் போட்டார்கள். என் குரல் அறை முழுக்கக் கேட்டது. "காத்திருக்காதீர்கள்" என்ற இடத்தில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, திரும்பவும் போட்டார்கள். "விண்ணப்பதாரரை இழப்பது எப்படி என்பதற்கு இது உதாரணம்" என்றார் பயிற்சி அதிகாரி. அந்தப் பெரியவர் சொன்ன நன்றிக்கு முன்பாகவே பதிவை நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஆறாதது அதுதான்.

முல்லைக்கொடி:

என் கதை சின்னது. ஊக்கத்தொகை கேட்டபோது "வாடிக்கையாளர் இன்னும் பணம் தரவில்லை" என்றே சொல்லிவந்தார்கள். அந்த வாடிக்கையாளர் அலுவலகத்திலிருந்து வேறு விஷயமாகப் பேசிய பெண், பணம் எப்போதோ கொடுத்தாகிவிட்டது என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டார்.

இந்தத் தொழிலுக்குள் புதிதாக வருகிறவர்களுக்காகச் சிலவற்றை எழுதியே ஆக வேண்டும். வேலைக் கடிதத்தில் ஊக்கத்தொகைப் பத்தியைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுங்கள். ஆள் சேர்ந்ததும் தருவார்களா, கட்டணம் வசூலான பிறகா, ஆள் விலகினால் பணத்தைத் திருப்ப வேண்டிய அந்த உத்தரவாதக் காலம் கழிந்த பிறகா? இந்த மூன்றில் எது என்று எழுத்தில் இல்லையென்றால், மூன்றும் கழிந்த பிறகும் கிடைக்காது. இடையில் வேலையை விட்டால் நிலுவைத் தொகை என்னாகும் என்று கேளுங்கள். நீங்கள் யாரைச் சேர்த்தீர்கள், எந்தத் தேதியில் சேர்த்தீர்கள் என்ற குறிப்பு உங்களிடமும் இருக்கட்டும். அதற்காக விண்ணப்பதாரர்களின் எண்களையும் ரெஸ்யூம்களையும் வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், அது அவர்களுடைய சொந்த விவரம். வாய்மொழியாகத் திட்டினால் அன்றைக்கே மின்னஞ்சலில் "இன்று கூட்டத்தில் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன்" என்று நிதானமாக ஒரு வரி அனுப்புங்கள். நேர்காணலில் உங்களுக்கு முன் இந்த இடத்தில் இருந்தவர் எவ்வளவு காலம் இருந்தார், ஏன் போனார் என்று தயங்காமல் கேளுங்கள்.

இன்னொன்று. வேலை தேடி வருபவரிடம் கட்டணம் வாங்கச் சொன்னால் அந்த இடத்தில் ஒரு நாள்கூட இருக்காதீர்கள். தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் பற்றி சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997இல் கொண்டுவந்த 181ஆம் எண் உடன்படிக்கை, சில விதிவிலக்குகள் தவிர, தொழிலாளரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. அதே அமைப்பின் 2019ஆம் ஆண்டு 190ஆம் எண் உடன்படிக்கை பணியிட வன்முறை, துன்புறுத்தல் பற்றியது. மன ரீதியான பாதிப்பும் அதில் அடக்கம். ஒரே ஒரு முறை நடந்தாலும் கணக்கில் வரும். வேலை தேடுபவர்களுக்கும் அது பொருந்தும். ஏற்பு அளித்த நாடுகளைத்தான் இவை கட்டுப்படுத்தும், ஆகவே உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். மூட்டுவலிக்காரரை நிற்கவைத்ததும், ஒலிப்பதிவைப் போட்டு அவமானப்படுத்தியதும் "இந்தத் தொழில் இப்படித்தான்" என்று சகித்துக்கொள்ள வேண்டியவை அல்ல.

பழைய டீம் லீடர்:

நீலத்தாள், போலி விளம்பரத்துக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை. அது ஏமாற்று. கட்டண முறையைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.

மாடிப்படி:

முல்லைக்கொடி, நான் ஆலோசனை கேட்கவில்லை, ஆனால் அந்த அக்காவுக்கு இதை அனுப்பப்போகிறேன். அவருடைய ஊக்கத்தொகையும் வரவேயில்லை.

திண்ணை:

நான் அந்தப் பக்கம் இருந்தவன், அதாவது விண்ணப்பித்தவன். என்னைக் கேட்காமலே ஒரு ஏஜென்சி என் ரெஸ்யூமை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறது. எனக்குத் தெரியாது. நான் சம்மதித்த இன்னொரு ஏஜென்சியும் அதே இடத்துக்கு அனுப்பியது. கட்டணம் யாருக்கு என்ற தகராறே வேண்டாம் என்று அந்த நிறுவனம் இரண்டையும் ஒதுக்கிவிட்டது. அந்த வேலைக்கு நான் முழுத் தகுதி உள்ளவன் என்று அவர்களுடைய மனிதவளத் துறையில் இருந்தவரே தொலைபேசியில் சொன்னார், வருத்தமும் தெரிவித்தார். பழைய டீம் லீடர், உங்கள் அணியில் ரெஸ்யூம் அனுப்பும் முன் சம்பந்தப்பட்டவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினீர்களா?