உதவி: காந்தப்புல அளவி நண்பகலில் ஏறுகிறது, இரவில் தாவுகிறது. சென்சார் கோளாறா?

சிப்புட் ஆசிரியர்:
வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஓர் இடைநிலைப்பள்ளியின் அறிவியல் கழகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். சூரியப் புயல் வரும்போது பூமியின் காந்தப்புலம் ஆடுவதை மாணவர்கள் நேரலையில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப ஆசை. ஆர்எம்3100 என்ற காந்தப்புல சென்சாரை ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியோடு இணைத்து வீட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பள்ளியில் வேலியிலிருந்து கூரைவரை எல்லாம் இரும்பு.

மொத்தப் புலம் 41,000 நானோடெஸ்லாவை (காந்தப்புல அலகு) ஒட்டி நிற்கிறது. தொல்லை இரண்டு. இரவு எட்டு மணி வாக்கில் கோடு படிக்கட்டு மாதிரி 300 நானோடெஸ்லா ஏறி அப்படியே நின்றுவிடுகிறது. விடிவதற்கு முன் பழைய இடத்துக்கு இறங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை பகலெல்லாம் மேலேயே கிடக்கும். அடுத்தது, தினமும் காலையில் மெல்ல ஏறி, 12 மணி தாண்டி உச்சம் தொட்டு, சாயங்காலத்துக்குள் இறங்கும் ஒரு மேடு. 60, 70 நானோடெஸ்லா இருக்கும். உலகக் காந்தக் கலக்கத்தை 0 முதல் 9 வரை காட்டும் கேபி குறியீடு 1, 2 என்று அமைதியாக இருக்கும் நாளிலும் இதே கதை. வெயிலில் சென்சார் சூடாகிறதா? வெப்பத் திருத்தம் போட்டு மேட்டைத் தட்டையாக்கிவிடலாமா?

கிள்ளான் வயரிங்:
சார், தாவலுக்கு மட்டும் சொல்கிறேன். சென்சாருக்குப் பக்கத்தில், சுவருக்கு அந்தப் பக்கமும் சேர்த்து, ராத்திரி என்ன நிற்கிறது என்று பாருங்கள். நேரத்தைப் பார்த்தால் வேலைக்குப் போய் வருகிற யாருடைய வண்டியோதான். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் வண்டியின் பாதிப்பு எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதனால் வடிகட்டி எழுதி நேரத்தை வீணாக்காமல் சென்சாரை நகர்த்துங்கள். செம்பனைக் குலை லோரி போகும் பாதையிலிருந்தும் தள்ளியே வையுங்கள். பிவிசி குழாய்க்குள் வைத்து ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்தால் வெப்பமும் அடங்கும். திருகாணி பித்தளையாக இருக்கட்டும். சென்சாரிலிருந்து கணினிக்குத் தரவு போகும் ஐ2சி இணைப்பு நீண்ட கேபிளில் தடுமாறும், வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

தைப்பிங் வானொலி:
ஐயா, தயவுசெய்து அந்த மேட்டில் கை வைக்காதீர்கள். உங்கள் கருவி பிடித்ததிலேயே அருமையான விஷயம் அதுதான்.

காந்தப்புலம் தரைக்கு இணையாக, கிடையாக இருக்கும் கோடு, காந்த நடுக்கோடு, நமக்கு வடக்கே தென் தாய்லாந்துப் பக்கமாகப் போகிறது. அதை ஒட்டி, தரையிலிருந்து 100 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, அயனி மண்டலத்தில் பகலில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. வெயில் அந்தக் காற்றை மின்கடத்தியாக்குவதால் இருட்டியதும் அடங்கிவிடும். இதற்கு நிலநடுக்கோட்டு மின்தாரை என்று பெயர். தரையில் இது வடக்கு நோக்கிய புலத்தைக் கூட்டுகிறது. நாம் அதன் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறோம். ஐரோப்பாவில் எவ்வளவு விலை கொடுத்துக் கருவி வைத்தாலும் இந்த மின்தாரை தெரியாது.

சூடா, மின்தாரையா என்று நேரத்தை வைத்தே பிரிக்கலாம். பேராக்கில் சூரியன் உச்சிக்கு வருவது நம் கடிகாரத்தில் 1:15 வாக்கில். மின்தாரை சூரிய நேரம் 11 மணி சுமாருக்கு உச்சம் தொடும், அதாவது நமக்கு 12:15. சூடு என்றால் உச்சம் இன்னும் தள்ளி, மூன்று மணி போல வந்திருக்கும். நாள் முழுக்க மழை பெய்த ஒரு தேதியின் பதிவையும் எடுத்துப் பாருங்கள்.

சிப்புட் ஆசிரியர்:
இருவருக்கும் நன்றி. பின்சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அண்ணன் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறார். சென்சாரைக் கொய்யா மரத்தடிக்கு மாற்றிப் புதைத்தேன், படிக்கட்டு போய்விட்டது. வானம் வெளுக்காமல் மழை கொட்டிய நாளிலும் மேடு அப்படியே இருக்கிறது! மாணவர்களிடம் காட்டினேன், ஒருத்தி கையால் வானத்தைக் காட்டி "அங்கேயா சார் கரண்டு ஓடுது?" என்று கேட்டாள். சரி, இதோடு புயலை எப்படிப் பிரித்துக் காட்டுவது?

தைப்பிங் வானொலி:
அமைதியான நாட்களின் பதிவுகளை ஒன்றாக வைத்து, ஒவ்வொரு நிமிடத்துக்கும் நடுமதிப்பு எடுங்கள். நேரலையில் வருவதிலிருந்து அதைக் கழித்தால் மிச்சத்தில் புயல் தெரியும். மின்தாரை நாளுக்கு நாள் மாறுவதால் பகலில் கொஞ்சம் மிச்சம் நிற்கும், அது பரவாயில்லை. நம் ஊரில் புலம் ஏறக்குறைய கிடையாகவே இருப்பதால் மொத்தப் புலத்தை வரைந்தாலே போதும், சென்சார் சற்றுக் கோணலாக இருந்தாலும் கெடாது.

கேபியோடு ஒப்பிடாதீர்கள். அது நமக்கு எட்டாத நடு அட்சரேகைகளில் உள்ள 13 நிலையங்களை வைத்து 3 மணி நேரத்துக்கு ஒருமுறை போடும் கணக்கு. உங்களுக்குப் பொருந்துவது டிஎஸ்டி, புயலில் புலம் எவ்வளவு இறங்குகிறது என்று நானோடெஸ்லாவில் காட்டும் குறியீடு. காக்கியோக்கா, ஹொனலுலு, சான் ஹுவான், ஹெர்மனஸ் ஆகிய நான்கு இடங்களின் அளவை வைத்துக் கியோட்டோ பல்கலைக்கழகம் மணிக்கொருமுறை வெளியிடுகிறது. புயலில் பூமியைச் சுற்றி மேற்கு நோக்கி ஓடும் வளைய மின்னோட்டம் வலுத்து நம் புலத்தைக் கீழே இழுக்கும். 2024 மே புயலில் நம் நேரப்படி 11ஆம் தேதி அதிகாலை ஒரு மணி வாக்கில் திடீர் ஏற்றம். காலை 11 மணியளவில் டிஎஸ்டி மைனஸ் 400ஐயும் தாண்டி இறங்கியது.

அந்தத் திடீர் ஏற்றம் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரே நிமிடத்தில் தெரியும். உங்கள் கோடு தாவினால் வியட்நாமின் டாலாட் நிலையப் பதிவைத் திறங்கள். அங்கேயும் தாவியிருந்தால் புயல், இல்லையென்றால் பக்கத்தில் வண்டி. இரண்டையும் நிமிடக் கணக்கில் ஒப்பிட வேண்டும் என்பதால் பதிவு நேரத்தை இப்போதே யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாற்றிவிடுங்கள், ஐயா.